புளி தூக்கலா, திட்டமா?

தியரி தேறிவிட்டது, டேஸ்டிங் போய்விட்டது. மின்னஞ்சலில் இருந்த சேதி அவ்வளவுதான். லண்டனில் ஒரு சின்ன ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன். டபிள்யூஎஸ்இடி என்ற ஒயின் கல்வி நிறுவனத்தின் டிப்ளமாவுக்கு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு பாடங்கள், குறைந்தது 500 மணி நேரப் படிப்பு என்பார்கள், எனக்கு அதற்கு மேலேயே ஆகியிருக்கும். அந்த ஆறில் டி3 என்கிற ஒரு பாடத்துக்கு மட்டும் மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி. உலகத்தின் எல்லா ஒயின் ஊர்களும் அதற்குள் வந்துவிடும். எழுத்துத் தேர்வு ஒன்று, சுவைத் தேர்வு ஒன்று, இரண்டிலும் தனித்தனியாக 55 சதவீதம் எடுத்தாக வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து மண் வகைகளையும் ஆற்றுப் பெயர்களையும் மனப்பாடம் செய்த பகுதியில் நன்றாகவே வந்திருந்தேன். என் மூக்கும் நாக்கும் எழுதிய பகுதியில் தோற்றிருந்தேன். ஒன்றை மறந்துபோய்த் தோற்றிருந்தால் திரும்பப் படித்துக்கொள்ளலாம். வாயில் வைத்து, கவனமாக உணர்ந்து, நேர்மையாக எழுதிய ஒன்றைத் தப்பு என்று சொல்லும்போது எதைத் திருத்துவது என்றே தெரியவில்லை. அந்தக் குழப்பம்தான் பல மாதம் என்னை விடவில்லை.

சுவைத் தேர்வில் 12 ஒயின்கள். ஆறு ஆறாக இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் 90 நிமிடம். அதாவது ஒரு கிளாஸுக்குக் கால் மணி நேரம், அதற்குள் பார்த்து, முகர்ந்து, சுவைத்து, துப்பி, பக்கம் நிறைய எழுதவும் வேண்டும். என்ன ஒயின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதில் ஒரு கேள்வி, ஒரே திராட்சை வகையில் செய்த மூன்று ஒயின்கள், எந்தத் திராட்சை என்று காரணத்தோடு சொல்லுங்கள் என்பது. மூன்று வெள்ளை ஒயின்கள். முதலாவது வறண்டது, அதாவது இனிப்பில்லாதது, புளிப்பு நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது கொஞ்சம் கனமானது, மரப்பீப்பாய் வாசம். மூன்றாவதில் இனிப்பு இருந்தது, தேனும் வாடிய ஆப்பிளும் கலந்த மாதிரி, குடிக்க அவ்வளவு இதமாக இருந்தது. புளிப்பு என்ற வரிக்கு நேராக மீடியம் என்று எழுதினேன். பிறகு மூன்றையும் ஒன்றாக வைத்து யோசித்தேன். கனம் இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, புளிப்பு நடுத்தரம், அப்படியானால் பிரான்ஸில் அல்சாஸ் பக்கத்து பினோ கிரி திராட்சை. முதல் கிளாஸின் புளிப்பு அதற்கு ஒத்துவரவில்லை என்று ஒரு கணம் தோன்றியது, அதை ஒதுக்கிவிட்டேன். பின்னால் தெரியவந்தது, மூன்றும் செனின் பிளாங்க் திராட்சை. மூன்றாவது, லுவார் ஆற்றங்கரையில் வூவ்ரே என்ற ஊரிலிருந்து வந்தது. செனின் என்றாலே புளிப்பு, எத்தனை இனிப்பாகச் செய்தாலும் அடியில் புளிப்பு நிற்கும் என்று எழுத்துத் தேர்வில் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். வாயில் இருந்தபோது எனக்கு அது தெரியவில்லை.

உள்ளங்கையில் ஒரு சொட்டு

எங்கள் வீட்டில் அம்மா குழம்பு கொதிக்கும்போது கரண்டியில் மொண்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிட்டு என் கையிலும் ஒரு சொட்டு விடுவாள். "உப்பு ஒறைப்பு எப்படி இருக்கு?" நான் சொல்ல வேண்டிய பதில்களும் வரையறுத்தவைதான். சப்புன்னு இருக்கு. கொஞ்சம் மட்டா இருக்கு. திட்டமா இருக்கு. புளி தூக்கலா இருக்கு. ஏழெட்டு வயதிலிருந்து இந்த வேலை எனக்கு. லண்டனுக்கு வந்து வகுப்பில் உட்கார்ந்து, லோ, மீடியம் மைனஸ், மீடியம், மீடியம் பிளஸ், ஹை என்ற ஐந்து படிகளைக் கரும்பலகையில் பார்த்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. இது நம்ம வீட்டு அளவுதானே என்று நினைத்தேன். மீடியம் என்றால் திட்டம், மீடியம் பிளஸ் என்றால் சற்றே தூக்கல். மனதுக்குள் அப்படித்தான் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டேன், இரண்டு வருடமும் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இப்படி நினைக்க எனக்குக் காரணமும் இருந்தது. சில விஷயங்களில் வீட்டு நாக்கு என்னைக் கைவிட்டதே இல்லை. டானின் என்பதை வகுப்பில் பலரும் கசப்போடு போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு உலர்த்துகிறது, இழுக்கிறது என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நமக்கு அது ஆறு சுவையில் ஒன்று. துவர்ப்பு. வாழைப்பூவை ஆயும்போது நுனியைக் கடித்தால் வருவது, பாக்கு மென்றால் வருவது, நாவல்பழம் தின்று நாக்கு தடித்துப்போவது. கசப்பு எங்கே இருக்கிறது, துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று யாரும் எனக்குப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினை முதல்முறை வாயில் வைத்தபோது, அந்த வெளிர்ச் சிவப்பு நிறத்தைப் பார்த்து மெல்லிய ஒயின் என்று பக்கத்து இருக்கைக்காரர் எழுதிக்கொண்டிருந்தார், எனக்கோ ஈறுகளில் கொட்டைப்பாக்கு உட்கார்ந்திருந்தது. நெபியோலோ திராட்சையின் குணமே அதுதான், நிறம் குறைவு, துவர்ப்பு அதிகம். அன்றைக்கு வீட்டு நாக்கின் மேல் எனக்கு வந்த நம்பிக்கை, மற்ற எல்லாவற்றுக்கும் அது போதும் என்று நினைக்க வைத்துவிட்டது.

தோற்ற பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஒரு மாலை, ஜெர்மனியின் மோசெல் பக்கத்து ரீஸ்லிங் வெள்ளை ஒயின் ஒன்று, எட்டு சதவீத ஆல்கஹால், லிட்டருக்கு 40, 50 கிராம் சர்க்கரை. புளிப்புக்கு நான் மீடியம் பிளஸ் என்று எழுதினேன். ஆசிரியை என் தாளைப் பார்த்துவிட்டு, ஹை என்று திருத்தினார். போன வாரமும் இதையே செய்திருந்தார். நான் விடவில்லை, இது புளிக்கவே இல்லையே, சரியாகத்தானே இருக்கிறது, இதைவிட ஒரு துளி குறைந்தால் திகட்டிவிடும் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் இந்த ஒயினில் புளிப்பு சரியாக இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்டேன்" என்றார்.

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்கு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருந்தது. திட்டம் என்பது ஒரு அளவே இல்லை. அது ஒரு தீர்ப்பு. ரசத்தில் திட்டமாக இருக்கும் புளியைச் சாம்பாரில் விட்டால் தூக்கல், வத்தக்குழம்பில் அதே புளி மட்டு. அம்மா என்னிடம் கேட்டது எப்போதுமே அதற்கு இது பொருந்துகிறதா என்பதைத்தான், எத்தனை எலுமிச்சை அளவுப் புளி என்று அவள் கேட்டதே இல்லை, அது அவளுக்கே தெரியும், அவள் கையால் கரைத்துவிட்டது. நான் ஒவ்வொரு ஒயினிலும் பொருத்தத்தை அளந்து, அதை அளவு என்ற கட்டத்தில் எழுதி வந்திருக்கிறேன். நல்ல ஒயின் என்றால் எல்லாம் பொருந்தித்தான் இருக்கும். அதனால் ஒயின் எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு என் தாளில் எல்லாமே மீடியம் பக்கமாகச் சரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பழைய தாள்களை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மட்டமான ஒயின்களில் என் அளவுகள் சரி. உயர்ந்த ஒயின்களில்தான் தப்பு. புளிப்பில் மட்டும் இல்லை, நான் பெருமைப்பட்ட துவர்ப்பிலும், பத்து வருடம் பாட்டிலில் பழகிய பரோலோவில் டானினை மீடியம் என்று எழுதி வைத்திருந்தேன். அது பழகியிருந்ததே தவிர குறைந்திருக்கவில்லை.

பொருத்தத்தைச் சொல்லவும் அந்தத் தாளில் இடம் இருக்கிறது, கடைசியில், தரம் என்ன என்று கேட்கும் பகுதியில். சமநிலை, நீளம், செறிவு, பல்திறம் என்று அங்கே வாதிட வேண்டும். நான் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டு, கடைசிப் பகுதியில் சொல்ல எதுவும் இல்லாமல் நின்றிருக்கிறேன்.

டப்பாவில் இருந்த புளி

வீட்டில் ஒயின் செய்பவர்களுக்கான கடை ஒன்றில் டார்டாரிக் அமிலப் பொடி கிடைக்கும். ஒரு டப்பா வாங்கிவந்தேன். மூடியைத் திறந்து, விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்தேன். புளி. வாசம் இல்லாத, நிறம் இல்லாத, கொட்டையும் நாரும் இல்லாத புளி. நம் புளியம்பழத்தின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் இந்த டார்டாரிக் அமிலம்தான், திராட்சைக்கும் இதுதான் ஆதாரம். பழங்களில் இது இந்த அளவுக்குச் சேர்வது அரிது. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக், ஆப்பிளில் மாலிக், தயிரில் லாக்டிக். எங்கள் கடையில் சிலர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து அடியில் கண்ணாடித் தூள் கிடக்கிறது என்பார்கள். அதுவும் இந்த அமிலத்தின் உப்புதான், குளிரில் படிகமாக இறங்கியிருக்கும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. இதையெல்லாம் முதல் பாடத்திலேயே படித்திருந்தேன், ஆனால் புளி என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு கிராம் கரைத்தேன். இன்னொரு லிட்டரில் அதே ஆறு கிராம், கூடவே 50 கிராம் சர்க்கரை. முதலாவதை வாயில் வைத்தால் முகம் சுளிக்கிறது. இரண்டாவது சர்பத் மாதிரி இருக்கிறது, இன்னொரு வாய் குடிக்கலாம். நாக்கைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது. பிறகு வகுப்பில் சொல்லித்தந்தபடி, துப்பிவிட்டு, வாயை மூடி, தலையை முன்னால் குனிந்து காத்திருந்தேன். கன்னத்தின் உள்பக்கத்திலிருந்தும் நாக்கின் அடியிலிருந்தும் எச்சில் ஊற ஆரம்பித்தது. ஊறிக்கொண்டே இருந்தது. மனதுக்குள் எண்ணினேன். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சர்க்கரை நாக்கைச் சமாதானம் செய்துவிடுகிறது, எச்சில் சமாதானமாவதில்லை. புளியை நினைத்தாலே வாயில் தண்ணி ஊறுது என்று நாம் சொல்லும் அந்தத் தண்ணிதான் அளவு. இத்தனை வருடம் பேச்சில் இருந்த ஒன்றை அன்று இரவு பதினோரு மணிக்குச் சமையலறைத் தொட்டியின் மேல் குனிந்து நின்று தெரிந்துகொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். சித்தப்பாவுக்குத் திராட்சைப் பந்தல் இருந்தது, பன்னீர்த் திராட்சை. வெட்டுக்கு முன்னால் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு "இன்னும் புளிப்பு எறங்கல" என்பார். பழுக்கப் பழுக்க மாலிக் அமிலம் கரைந்துபோகும், ராத்திரியும் சூடாக இருக்கும் ஊர்களில் இன்னும் வேகமாகப் போகும், டார்டாரிக் மட்டும் நின்றுவிடும். ஆஸ்திரேலியா மாதிரி வெயில் ஊர்களில் புளிப்பு போதாமல் டார்டாரிக் அமிலத்தை ஒயினில் சேர்ப்பது வழக்கமான வேலை. இதைப் படித்தபோது அம்மா கரைத்து ஊற்றும் புளித்தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரைக்கு நேரடியாகத் தேவையில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பன்னீர்த் திராட்சையின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, இன்னொன்று ஸ்கியாவா கிரோஸா, இங்கிலாந்தில் அதைப் பிளாக் ஹாம்பர்க் என்பார்கள். லண்டன் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட ஒரு பிளாக் ஹாம்பர்க் கொடி இன்னும் காய்க்கிறது. போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கொட்டகைக்குள் அடிமரம் மாதிரிப் பருத்துப் படர்ந்திருந்தது. கம்பத்துக் கொடியின் உறவு ஒன்று இங்கே இருக்கிறது என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்திரை போட்ட படி

சரி, எச்சிலை வைத்து அளந்தாலும் எவ்வளவு ஊறினால் மீடியம், எவ்வளவு ஊறினால் ஹை? இந்தக் கேள்வியை நான் வகுப்பில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஆல்கஹாலுக்கு எண் இருக்கிறது, 11 சதவீதத்துக்குக் கீழே லோ, 14-ம் அதற்கு மேலும் ஹை, விவாதமே இல்லை. புளிப்புக்கும் துவர்ப்புக்கும் அப்படிக் கோடு கிடையாது. நடுவில் இருப்பது யாருடைய நடு? தினமும் புளிக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவளின் நடுவும், வெண்ணெயும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு வளர்ந்தவரின் நடுவும் எப்படி ஒன்றாகும்? சில மாதம் இதை ஒரு மனக்குறையாகவே வைத்திருந்தேன். இந்த அளவுகோலை வேறு யாரோ அவர்கள் வாய்க்கு ஏற்றபடி செய்துவிட்டார்கள், நாம் போய் அதற்குள் அடங்க வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. வாசனைப் பட்டியலைப் பற்றி எனக்கு இன்னும் அந்த எண்ணம் மாறவில்லை. கூஸ்பெரியை நெல்லிக்காய் என்று மொழிபெயர்த்து நினைத்துக்கொண்டு பல மாதம் நியூசிலாந்து சாவிக்னான் பிளாங்கில் நம் நெல்லிக்காயைத் தேடியிருக்கிறேன், அது அங்கே இல்லை, அந்தப் பழமே வேறு. நாவல்பழம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிற இடத்தில் கறுப்புச் செர்ரி என்று எழுதிவிட்டு வருவது இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அளவைப் பற்றிய என் எண்ணம் மாறியது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு படி இருக்கும், நெல் அளக்க, அரிசி அளக்க. ஒரு வீட்டுப் படி இன்னொரு வீட்டுப் படிக்குச் சரியாக நிற்காது. வீட்டுக்குள் அதனால் நஷ்டம் இல்லை. கடைக்குப் போனால் முத்திரை போட்ட படியில்தான் அளக்க வேண்டும், அப்போதுதான் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே பேச்சுப் பேச முடியும். டபிள்யூஎஸ்இடி 1969-இல் லண்டனில் ஆரம்பித்ததே ஒயின் வியாபாரத்தில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான். சிலியில் இருப்பவர் தொலைபேசியில் சொல்வது இங்கே வாங்குகிறவருக்கு அப்படியே விளங்க வேண்டும். அதற்குத் திட்டம் உதவாது, ஏனென்றால் அவர் என்ன குழம்பு வைக்கப் போகிறார் என்று இவருக்குத் தெரியாது. முத்திரைப் படி யாருடைய வீட்டுப் படியும் இல்லை. வகுப்பில் என்னோடு இருந்த அந்த வெண்ணெய்க்காரரும் தன் வாயைத் திருத்திக்கொண்டுதான் இருந்தார், அவர் எல்லாவற்றையும் ஹை என்று எழுதி எழுதித் தோற்றிருந்தார். இருவரும் எதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தோம்.

அந்த இடத்துக்கு வர ஒரே வழி, சேர்ந்து உட்கார்ந்து சுவைப்பதுதான். நாங்கள் நான்கு பேர் ஒவ்வொரு ஞாயிறும் கூடினோம். பாட்டில் விலையைப் பங்கு போட்டுக்கொண்டோம், அப்படியும் அது எனக்குப் பெரிய செலவு. யாரும் பேசாமல் எழுதி, பிறகு ஒரே நேரத்தில் தாளைத் திருப்புவோம். முதல் மாதத்தில் நால்வருக்கும் நான்கு விடை. நான் குழாய்த் தண்ணீரில் கலந்து வைத்த அமிலக் கரைசலை நடுவில் வைத்து, சந்தேகம் வந்தால் அதற்குத் திரும்பினோம். நான்காவது மாதத்தில் நாங்கள் பெரும்பாலும் ஒரு படிக்கு மேல் விலகவில்லை. ஒன்றைக் கவனித்தேன், அளவைச் சரியாக எழுத ஆரம்பித்த பிறகுதான் தரத்தைப் பற்றிய என் பத்தி நன்றாக வர ஆரம்பித்தது. புளிப்பு ஹை, இனிப்பும் நிறைய, இருந்தும் இரண்டும் ஒன்றை ஒன்று தாங்குகின்றன, அதனால்தான் இது பெரிய ஒயின் என்று எழுத முடிந்தது. முன்பு எல்லாம் மீடியம் என்று எழுதிவிட்டு, ஏன் பெரியது என்று சொல்ல வார்த்தை இல்லாமல் இருந்தேன்.

இரண்டாவது முறை தேர்வு ஒரு அக்டோபர் காலை. ஒவ்வொரு கிளாஸுக்கும் குனிந்தேன், காத்திருந்தேன், எழுதினேன். என்ன ஒயின் என்ற யூகம் வந்தபோதெல்லாம் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு, அளவுகள் எல்லாம் முடிந்த பிறகே அதைப் பார்த்தேன். இரண்டு ஒயின்களைத் தப்பாகச் சொன்னேன் என்று பின்னால் தெரிந்தது, ஆனாலும் தேறிவிட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். நான் என்ன பரீட்சை எழுதுகிறேன் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்வதில்லை, அது எனக்குப் புரிகிறது. "நாக்கை வச்சு எழுதுற பரீட்சையா, அதுல நீ மொத தடவ எப்படித் தோத்த?" என்று மட்டும் கேட்டாள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன், எச்சில் கதை உட்பட. கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப ருசி எப்படி இருந்துச்சுன்னு யாருமே கேக்க மாட்டாங்களா?" என்றாள். கடைசியில் கேட்பார்கள் அம்மா என்றேன்.

இப்போது என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். இடது பக்கம் ஐந்து படிகள், ஆங்கிலத்தில். வலது பக்கம் தமிழில், வீட்டில் சொல்வது போலவே. போன வாரம் எழுதியது ஆஸ்திரேலியாவின் ஹன்டர் வேலி செமியோன், ஒரு வருடத்து ஒயின், 11 சதவீத ஆல்கஹால், எலுமிச்சைத் தோலும் ஈரப் புல்லும் தவிர வேறு வாசம் இன்னும் வரவில்லை. இடது பக்கம், புளிப்பு: ஹை. வலது பக்கம்: "தூக்கல். அஞ்சாறு வருஷம் அப்படியே கெடக்கட்டும்." இன்னொரு பாட்டில் வாங்கி, தேதி எழுதி, மாடிப்படிக்குக் கீழே படுக்கவைத்திருக்கிறேன்.